ட்விலா போட்ட கோடு

மூன்று மாநிலங்களாக ஒரு கீச்சு.
பெட்ரோல் பங்கில் மெதுவாகத் திரும்பும்போதெல்லாம்.
அயோவாவில் ட்விலா சொன்னாள், அடியிலிருந்து வருகிறதென்று.
அலமாரித் தட்டுகள் என்றேன்.
கான்சாஸில் மறுபடி சொன்னாள்.
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

எனக்கு வேலையே போல்ட் முறுக்குவது.
காற்றாலைக் கோபுரத்தின் தொண்டைக்குள்
எண்பது மீட்டர் ஏணியேறி
முழங்கை நீள போல்ட்டுகளை இறுக்கி
ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஒரு கோடு இழுப்பேன்,
பாதி நட்டின் மேல், பாதி இரும்பின் மேல்.
அடுத்த வருடம் கோடு உடைந்திருந்தால்
நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.
கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குவேன்.

ஒரு பண்ணை முடிந்தால் அடுத்தது.
வீடு பின்னால் வரும்.
இருபத்தாறு அடி டிரெய்லர், நாலு சக்கரம்,
வாங்கி நாலு வருடம்.
அதன் அடியில் ஒருநாளும் படுத்ததில்லை.

காற்று மிஞ்சிய ஒரு செவ்வாய்க்கிழமை
யாரும் கோபுரம் ஏறக் கூடாதென்று உத்தரவு.
ஒக்லஹோமா, கைமன் ஊருக்கு வெளியே
தானியக் கிடங்கின் பின்னால் சரளைத் திடல்.
"சும்மாதானே இருக்கிறாய்" என்றாள்.
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
தரையில் விரித்தாள், நான்கு கல் வைத்தாள்,
பறக்காமல் இருக்க.

சக்கரத்துக்குக் கட்டை, சட்டத்துக்கு ஜாக்கி,
ஸ்டாண்டில் இறக்கி, மல்லாந்து நுழைந்தேன்.
முகத்துக்கு ஒரு சாண் மேலே என் வீட்டின் வயிறு.
அச்சில் அயோவாச் சேறு,
அதில் ஒட்டிக் காய்ந்த ஒரு வெட்டுக்கிளி.
பட்டை பட்டையாய் வில்கள்,
அவற்றைத் தொங்கவிடும் ஷேக்கில்கள்.

வலப்பக்கம் எட்டு போல்ட்டும் சரி.
இடப்பக்கம், நடு ஷேக்கிலில்
போல்ட் இருந்தது.
நட்டு இல்லை.

கழுத்துப் பற்கள் கவ்வ வேண்டிய வட்டம்
தேய்ந்து முட்டையாகியிருந்தது.
இரண்டு விரலால் இழுத்தேன்.
ஆடும் பால்பல் போல
வந்துவிட்டது.

அறுநூறு மைல்.
மாட்டு லாரிகளுக்கு நடுவே,
எங்கள் கட்டில், அவள் தையல் மிஷின்,
மேசை நாற்காலி, கடுகு டப்பா எல்லாம்
எதன் மேல் நின்று வந்தன?

கையை மட்டும் வெளியே நீட்டினேன்,
உள்ளங்கையில் போல்ட்.
அவள் பூட்ஸ் கொஞ்ச நேரம் அசையவில்லை.
அப்புறம் வண்டிச் சாவி கலகலத்தது.

உதிரிபாகக் கடை ஆர்வில் ஹன்னிகட்
புது ஷேக்கிலும் பித்தளை புஷ்ஷும் கொடுத்து
ஒரு புத்தியும் கட்டி அனுப்பியிருந்தார்.
"தலையைத் திருப்பாதே, பல் மழுங்கும்.
நட்டை மட்டும் திருப்பு."
ஆயுசில் பாதி போல்ட் முறுக்கியே தீர்த்தவனுக்கு
அதை அவள் ஒப்பித்தாள்.
நான் கேட்டுக்கொண்டேன்.

கோபுரத்தில் ஆயிரக்கணக்கில் போகும் இறுக்கம்.
இங்கே நாற்பது பவுண்டு போதும்.
மிஞ்சினால் ஷேக்கில் ஆடாது,
ஆட வேண்டியது ஆடாவிட்டால் ஒடியும்.
யு போல்ட்டுக்குத்தான் கஞ்சத்தனமில்லாமல் கொடுக்கலாம்.
டார்க் ரெஞ்ச் டக் என்றது.
வெளியிலிருந்து எண்ணினாள். ஒன்பது. பத்து.
பதினொன்றுக்குத் தானே உள்ளே வந்தாள்,
அட்டையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு,
ரெஞ்சைப் பிடுங்கி.

மார்க்கர் கோபுரத்துப் பெட்டியில் கிடந்தது.
சட்டைப்பையிலிருந்து நகப்பூச்சு எடுத்தாள்,
தீயணைப்பு வண்டிச் சிவப்பு.
நாக்கைக் கடித்துக்கொண்டு
பாதி நட்டின் மேல், பாதி இரும்பின் மேல்.
ஒரு சொட்டு என் கன்னத்தில் விழுந்தது.
துடைக்கவில்லை, இருவரும்.

பத்து நாள் கழித்து, அடுத்த பண்ணைக்குப் போகும் வழி.
டெக்சஸுக்குள் ஐம்பதாவது மைலில் ஓரங்கட்டினேன்.
டார்ச்சோடு அவள்தான் குனிந்தாள்.
பதினாறு கோடும் முழுசு.

வண்டியை மெல்லச் சாலைக்குத் திருப்பினேன்,
கண்ணாடி இறங்கியிருந்தது.
கீச்.

நான் வாயைத் திறக்கவில்லை.
அவள் ரேடியோவைக் கூட்டி வைத்தாள்.